கமா போட்ட குடித்தனம்

பிரிந்து போகப் போவதாக மனைவி சொன்னதும் மென்பொருள்காரர் வாயைத் திறக்கவில்லை, மடிக்கணினியைத் திறந்தார். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் எது நடந்தாலும் மனிதர் செய்தது அதுதான்.

“சாமான் பிரிக்கறதுல சண்டை வேண்டாம். எல்லாத்தையும் நடுவுல கமா போட்டு வரிசையா அடிச்சுக் கொடு. நான் எழுதற ஒரு ஃபங்ஷன், குட்டி புரோகிராம், அதைக் கமா கமாவா வெட்டும். இன்னொண்ணு ஒவ்வொரு பேரையும் பார்த்து, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு பட்டியலாப் பிரிச்சிடும்.”

“மொதப் பட்டியல் என்ன ஆகும்?”

“அதைத் தொடவே தொடாது. அப்படியே இருக்கும். அதான் இந்த முறையோட அழகு.”

“நம்மளவிட அது தேவலை,” என்றாள் அவள்.

உள்ளுக்குள் அவர் போட்ட திட்டம் வேறு. பெயரில் ‘சமையல்’ என்று இருந்தால் அவள் பக்கம். மற்றதெல்லாம் தன் பக்கம். ஓர் அடுப்பையும் நாலு பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு யார் வீட்டை விட்டுப் போவார்கள்? மலைத்துப்போய் இருந்துவிடுவாள். அவள் இல்லாத வீடு அவருக்கு வேண்டவே வேண்டாம். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

இந்த விதியை எழுதிவிட்டுத் திரையை மூடாமல் குளிக்கப் போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பட்டியலைக் கொடுத்தாள். புரோகிராமை ஓட்டிப் பார்த்தவருக்கு முகம் செத்துவிட்டது. அவள் பக்கம் நீண்டுகொண்டே போயிற்று: சமையல் அலுப்புத் தீரச் சாயும் சோபா, சமையல் முடிந்து படுக்கும் கட்டில், சமையல் நேரத்தில் பார்க்கும் டிவி, சமையல் வாசனை படாத புடவை பீரோ. அவர் பக்கம் மூன்றே மூன்று: ஒழுகும் குழாய், ஓடாத கடிகாரம், கால் உடைந்த ஸ்டூல்.

“அநியாயம்! இப்படியா பேர் வைப்பாங்க?”

“விதி நீங்க எழுதினதுதானே? மொதப் பட்டியல் அப்படியே இருக்குமே, அதை நீங்களே வச்சுக்குங்க.”

மனிதர் உடைந்துபோனார். “நீ போகக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்.”

“தெரியும். திங்கட்கிழமையே படிச்சிட்டேன். வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லுவீங்கன்னு ஆறு நாளாக் காத்திருந்தேன்.”

“இப்பத்தான் சொல்லிட்டேனே!”

“சாமான் ஏத்தற வண்டியும் இப்பத்தான் வந்துடுச்சு. ஆள் ஒருத்தர்தான் வந்திருக்கார், ஒரு கை பிடிங்க.”

சோபாவின் கனமான முனை அவர் பக்கம் வந்தது.