என் வகுப்பில் நான் கடைசி பெஞ்சு

தன்னுடைய வகுப்பில் ஆசிரியர் உறங்க முடியாது என்றொரு மூடநம்பிக்கை கல்வி உலகில் நெடுங்காலமாக நிலவிவருகிறது. மாணவர்கள் உறங்கலாம். பார்வையிட வந்த அதிகாரிகள் உறங்கலாம். நடத்துகிறவர் மட்டும் விழித்திருந்தே ஆகவேண்டும் என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள்.

தவறு. பாடம் ஒருபக்கம் நடக்க, நடத்துபவர் மறுபக்கம் உறங்கலாம். கல்லூரியில் ஒரு புரொஜெக்டர் இருந்தால் போதும்.

அன்று எனக்கிருந்த வேலை இவ்வளவுதான்: மதியம் இரண்டு மணிக்கு ஒரு சிடியைப் போட வேண்டும். ஓடி முடிந்ததும் எடுக்க வேண்டும்.

சிடியில் இருந்தது நான்.

எங்கள் கல்லூரிக்குத் தரம் பார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. துறைக்கொரு பாடத்தையாவது வீடியோவாக எடுத்து வைக்கச் சொன்னார் முதல்வர். வேதியியல்காரர் தொண்டை கட்டிவிட்டது என்றார். ஆங்கிலத்துறைக்காரர் கேமராவைக் கண்டால் கண் கூசுகிறது என்றார். தமிழ்த்துறையில் நான் மட்டும் உடனே ஒப்புக்கொண்டேன். கற்பித்தலில் புதுமை வேண்டும் என்ற வேட்கை ஒரு காரணம். என் பதவி உயர்வுக் கோப்பு நாலு மாதமாக முதல்வர் மேசையில் உறங்கிக்கொண்டிருந்தது இன்னொரு காரணம்.

முதல்வர் அந்தக் கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: “வே, படம் நல்லா ஓடிச்சுன்னா இதும் ஓடும்.”

படம் எடுக்க மயிலாடியிலிருந்து கல்யாண வீடியோ செல்வன் வந்தார். எங்கள் வட்டாரத்தில் கேமரா வைத்திருந்தவர்கள் எல்லோருமே கல்யாண வீடியோக்காரர்கள்தாம். வந்ததும் என் வெள்ளைச் சட்டையைக் குறை சொன்னார்.

“லைட்டுல அடிக்கும் சார். கோட்டு உண்டா?”

நாடகக்குழு அலமாரியிலிருந்து ஒரு நீலக்கோட்டு வந்தது. டையும் வந்தது. என் நரைமுடிக்குச் செல்வனே மை பூசினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒரு வங்கி மேலாளர் என்னைப் பார்த்தார்.

ஆளில்லாத அறை. கேமராவுக்கு முன்னால் வெண்பாவின் இலக்கணத்தை நடத்த ஆரம்பித்தேன். “புரியுதா?” என்று கேட்டபோதெல்லாம் செல்வன் பாவம், தலையை ஆட்டினார். அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா? பாதிப் பாடத்தில், கேமராவுக்குப் பின்னால் இருந்த வெறுஞ்சுவரைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டேன்:

“ஏலே! கடைசி பெஞ்சு! ஒறங்குதியா? எழும்புலே!”

செல்வன் நடுங்கிப்போய்த் திரும்பிப் பார்த்தார். “யார சார் ஏசுதீங்க? இங்க நாம ரெண்டு பேருதானே?”

“பழக்கம்டே.”

“எடிட்டிங்ல தூக்கிருவோமா?”

“வேண்டாம், கிடக்கட்டும். நாம பேசுனத மட்டும் வெட்டிரு. வகுப்புன்னா ஒரு உயிர் வேணும்லா?”

சுவரை ஒருகணம் முறைத்து, “ம். இரி. இங்க கவனி” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த உயிரை நான் வெட்டாமல் விட்டதற்கு, அது பின்னால் என் உயிரை எடுத்தது.

குழு வந்து இறங்கியது. முதல்நாள் ஆய்வகங்கள், மறுநாள்தான் என் வகுப்பு. “இன்னைக்கு மத்தியானம் பிள்ளைகளுக்கு ஒருக்கா போட்டுக் காட்டி ஒத்திகை பாத்துக்கிடும்” என்றார் முதல்வர். ஒத்திகைதானே என்ற தைரியத்தில், நண்பர் மகள் கல்யாணத்துக்குச் சுசீந்திரம் போனேன்.

அங்கே பந்தியில் முதல் பாயசம் அடைப்பிரதமன். அதில் மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவது எங்கள் ஊர் மரபு. அடுத்தது பாற்பாயசம். “சார், ரெண்டாந்தடவ வாங்கலன்னா பொண்ணு வீட்டுக்குக் கொறச்சல்” என்றார் பரிமாறியவர். ஒரு குடும்பத்துக்குக் குறைச்சல் உண்டாக்க நான் யார்? வாங்கினேன்.

பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சந்தனம், வயிற்றில் இரண்டு பாயசம். இந்தக் கோலத்தில் பஸ் பிடித்து இரண்டு மணிக்கு வகுப்புக்குள் நுழைந்தேன். சிடியைப் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அது அருளின் இடம். கடற்கரை ஊர்ப் பையன். மூன்று வருடமாக அந்த இடத்தில் வைத்து நான் எழுப்பிய பையன்.

“சார், நீங்க இங்கயா?”

“ஆமாடே. ஒரு மாணவனா இருந்து பாக்கணும்லா. தள்ளி இரி.”

திரையில் ஒரு தாமரை மொட்டு விரிந்தது. அதற்குள்ளிருந்து என் பெயர் வந்தது. பெயரைச் சுற்றி ரோஜாப்பூக்கள் விழுந்தன. செல்வன் கையிலிருந்த எல்லா வித்தையையும் இறக்கியிருந்தார்.

“சார், பொண்ண எப்ப காட்டுவாங்க?” முன்வரிசை இருட்டிலிருந்து ஒரு குரல்.

விசில் பறந்தது. பிறகு கோட்டு போட்ட நான் வந்து பேச ஆரம்பித்தேன்.

என் வகுப்பை நான் கேட்பது அதுவே முதல்முறை. மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தேன். ஒரு மனிதர் ஒரு சின்ன விஷயத்தை இவ்வளவு இழுத்தா சொல்வார் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அதன்பின் நினைவில்லை.

“ஏலே! கடைசி பெஞ்சு! ஒறங்குதியா? எழும்புலே!”

எழும்பினேன். கண் திறப்பதற்கு முன்னாலேயே கால் எழும்பிவிட்டது. அவிழப்போன வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் எட்டாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்:

“இல்ல சார்! முழிச்சுதான் இருக்கேன் சார்!”

திரையிலிருந்து அந்தக் கோட்டு ஆசாமி ஒருகணம் என்னையே முறைத்தார். “ம். இரி. இங்க கவனி” என்றார்.

இருந்தேன்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு சிரித்தால் ஆபத்து ஒன்றுமில்லை. சிரிக்காமல் இருந்தால் வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று பொருள்.

நின்றார்கள். முதல்வர். அவருக்குப் பக்கத்தில் குழுவின் தலைவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர். ஆய்வகங்களைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு, சத்தம் கேட்டு வந்திருக்கிறார்.

“அடடா! அவரு இங்க இல்லவே இல்லீங்க. ஆனாலும் தூங்குறவர கரெக்டா புடிச்சுப்போட்டாரே! பதில் சொல்ற வரைக்கும் பொறுத்திருந்து உக்காரச் சொல்றாருங்களே! எப்படீங்க இது?” என்றார் தலைவர்.

“அனுபவம் சார்” என்றார் முதல்வர். குரலில் ஈரமே இல்லை.

தலைவர் நேராக என்னிடம் வந்தார். நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார். நரைத்த தலையையும் மீசையையும் பார்த்தார். செல்வன் தலையில் பூசிய மை என்றைக்கோ போய்விட்டது; கல்யாணத்துக்காக அன்று காலை மீசைக்கு மட்டும் நானே பூசியிருந்தேன்தான். அது இரண்டு பாயசத்தோடு போய்விட்டிருந்தது.

“ஏனுங்க ஐயா, இந்த வயசுல படிக்க வந்திருக்கீங்களா? எந்த வருசமுங்க?”

நான் முதல்வரைப் பார்த்தேன். முதல்வர் என்னைப் பார்த்தார். என் கோப்பு எங்கள் இருவருக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. நான்தான் ஆசிரியர் என்று சொன்னால், தன் பாடத்துக்குத் தானே உறங்கியவன் என்று அறிக்கையில் ஏறும். அப்புறம் கோப்பு எந்தக் காலத்தில் எழும்பும்?

“மூணாம் வருசம் சார்” என்றேன்.

“படிப்புல அப்படியொரு ஆசை சார் அவருக்கு” என்றார் முதல்வர். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசமுங்க! அந்த வாத்தியார் எப்படி நடத்தறாருங்க? பயப்படாம சொல்லுங்க.”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. புகழ்ந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அரைத்தூக்கத்தில் இருப்பவனுக்குப் பொய் லேசில் வராது.

“கொஞ்சம் நீட்டுகாரு சார். ஆனா சரக்கு உண்டு.”

வகுப்பு வெடித்தது. தலைவரும் சிரித்துவிட்டு அருளிடம் திரும்பினார்.

“ஏந்தம்பி, ஐயா உங்க கூடவெல்லாம் நல்லா பழகறாருங்களா?”

அருள் எழுந்து நின்றான். மூன்று வருடக் கணக்கு அவன் கண்ணில் மின்னியது.

“நல்ல பையன் சார். கொஞ்சம் ஒறக்கம் கூடுதல், அவ்ளோதான். நான் எழுப்பி எழுப்பி விடுவேன். கேக்க மாட்டாரு.”

“திருத்திப்போடலாமுங்க” என்று என் தோளைத் தட்டினார் தலைவர். முதல்வரிடம் கேட்டார்: “அந்த வாத்தியாரை ஒருக்கா பாக்கோணுமே. கூப்பிடுங்க.”

திரையில் நான் வெண்பாவின் ஈற்றடியை முடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கு அவரு லீவு சார்” என்றார் முதல்வர்.

“நாளைக்கு?”

“நாளைக்கும்.”

“பரவாயில்லீங்க. ஆள் இல்லாமயே வகுப்பு இப்படி நடக்குதுன்னா, ஆள் எதுக்குங்க?”

அவர்கள் படி இறங்கும்வரை வகுப்பு அடக்கிவைத்திருந்த மீதிச் சிரிப்பை, இறங்கியபின் அருள் தொடங்கிவைத்தான். “மக்கா, சாருக்கு ஒரு நோட்டு குடுங்கடே. பாடம் விட்டுப்போச்சுலா?”

ஐந்து நிமிடத்தில் முதல்வர் மட்டும் தனியாகத் திரும்பி வந்தார். கதவருகே நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: “வே, நாளைக்கு இந்தப் பக்கம் தலையக் காட்டிராதயும். கேட்டீரா?”

கேட்டேன்.

குழுவின் அறிக்கையில் தமிழ்த்துறையின் வீடியோ வகுப்புக்குப் பாராட்டு இருந்தது. முதியவர்களுக்கும் கல்லூரியில் இடம் தந்திருப்பதற்குத் தனியாக ஒரு பாராட்டு இருந்தது. முதல்வர் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வாரமே என் கோப்பில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

கூடவே என் கணக்கில் ஒன்றரை நாள் தற்செயல் விடுப்பும் கழிக்கப்பட்டது.