கூடம் விழுங்கிய படிக்கட்டு

பயந்தவன் கையில் முளைக்குச்சியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

புளியந்தீவில், கோட்டைக்குப் பின்னாலுள்ள சந்துபோன்ற ஒழுங்கையில், எங்களுக்கு இருந்தது மூன்றே பேர்ச் நிலம், எண்ணூறு சதுர அடி வரும். இரு பக்கமும் பழங்காலச் சுவர்கள் நெரித்துக்கொண்டு நிற்கும். மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் கட்டிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொழும்பில் படவரைஞராக இருந்த மகள் சுகந்தி தன் வீட்டு வரைபடத்தைத் தானே கீறினாள். கீழே கூடமும் சமைக்கக் குசினியும், மேலே ஒரே ஒரு அறை.

"சன்னலைத் திறந்தா வாவி தெரியணும் அப்பா. வேற ஒண்டும் வேணாம்," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அத்திவாரத்துக்கு முளையடித்து நூல் கட்டினோம். வெறுந்தரையில் நூல் கட்டிப் பார்த்தால் எந்த அறையும் கோழிக்கூடாகத்தான் தெரியும். (எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?) கூடத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தேன். கால் நூலில் இடித்தது. சம்பந்தி வீட்டார் வந்தால் எங்கே இருத்துவது? முளையைப் பிடுங்கி அரையடி தள்ளினேன். மறுநாள் குசினிக்கும் அரையடி. வரைபடத்தில் கோடுகோடாக ஒரு பெட்டி இருந்தது. எனக்கு அது வீணாய்க் கிடக்கும் இடமாகவே பட்டது. அதையும் கூடத்தோடு சேர்த்தேன்.

வேலை முடியும்வரை, சுவர் கட்டிய மேசன் வாசலில் சாத்தியிருந்த ஏணியில்தான் எல்லோரும் ஏறி இறங்கினோம். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. (மேசனைப் பிறகு கேட்டபோது, "வெளியால இரும்புப்படி வைப்பீங்க எண்டெல்லோ நினைச்சன்!" என்றார்.) அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வாகரைக்குப் போன மறுநாள், பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தார். சுகந்தியும் லீவில் வந்திருந்தாள்.

"கூடம் நல்ல விசாலந்தான்," என்றார் அந்த அம்மா. பூரித்துப் போனேன். "மறுகா, மேல பாப்பமே?"

நான் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். குசினிக்குள் போய்த் திரும்பினேன்.

"இஞ்சாருங்க, படி எங்க?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"இஞ்சதானே இருந்திருக்கணும்," என்றேன்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். "அப்பா, அந்தக் கோடு போட்ட பெட்டி?"

"அதுக்குள்ளதான் மகள், சம்மந்தியம்மா நிக்கிறா."

கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். அவரோ கல்லடி ஊர்க்காரி, எதற்கும் அசராதவர். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "பக்கத்து வீட்டில ஏணி இல்லையா?" என்றார். ஒழுங்கையே வேடிக்கை பார்க்க ஏறினார். நான் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன். விழுந்துவிடுவாரோ?

"வாவி தெரியிது கா!" என்று மேலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டார். "நான் இப்ப இறங்கமாட்டன். தேத்தண்ணிய மேல அனுப்புங்க!"

வாளியில் கயிறு கட்டி அனுப்பினோம்.

பிறகு கூடத்தை அறுத்துப் படி வைத்தோம். கல்யாணமும் நடந்தது. சுகந்தி அந்தச் சன்னலடியில் இருந்தது ஒரேயொரு மாரிகாலம். பிறகு இருவரும் கனடா போய்விட்டார்கள். பின்னேரங்களில் நான் மேலே ஏறிச் சன்னலைத் திறந்து, கரைக்கு வரும் தோணிகளைக் கைபேசியில் அவளுக்குக் காட்டுவேன்.

"படி வைச்சாச்சா அப்பா?" என்றுதான் இன்றும் பேச்சைத் தொடங்குவாள். பின்னால் மருமகன் சிரிப்பது கேட்கும்.

"வைச்சாச்சு மகள்," என்பேன். "ஏறத்தான் ஆள் இல்ல."