பட்டாணியின் பட்டினி

இனி பெண்டாட்டியை நினைத்து ஏங்குவதில்லை என்று மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில் இறங்கும்போது சபதம் செய்தேன். அந்தக் காலத்துச் சுரங்கத்தின் ஆழம் உங்களுக்குத் தெரியாது. மேலே செய்த சபதம், ஆட்களை இறக்கும் கூண்டு அடியில் போய் நிற்பதற்குள் மறந்துவிடும்.

ஐடா கோபித்துக்கொண்டு குடியாத்தத்துக்கு, தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் கருவாட்டுக் குழம்பைவிடச் சோற்றுக்கடைக் குழம்பு தேவலை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். "வான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா வருவேன்" என்று சொல்லித்தான் ரயிலேறினாள். அந்த வார்த்தை என் தொண்டையில் பாறையாக உட்கார்ந்துகொண்டது. வெடி வைத்தாலும் பெயராது.

வீட்டில் மிச்சம் அவளுடைய நாய், பட்டாணி. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன முழங்கை நீள உருப்படி. நாக்கு மட்டும் நாலு முழம். சோறு வைத்தேன், முகர்ந்தது. களி கிண்டினேன், தும்மியது. ஆட்டு ஈரல் வைத்தேன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பிறகு வாசலைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. நானும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைன் வீடுகளில் ஒரு வழக்கம். சுரங்கத்துக்குப் போகிறவன் சோற்றுத் தூக்கைக் காலி செய்யமாட்டான். ஒரு வாய் சோறு மீத்துக் கொண்டுவருவான். உயிரோடு மேலே வந்ததற்கு அடையாளம். பெண்டாட்டி அதைத் தின்பாள். ஐடா அதில் பாதியைப் பட்டாணிக்குக் கொடுப்பாள். அவள் போன பிறகும் பழக்கத்தில் மீத்துக்கொண்டே வந்தேன், தின்ன ஆளில்லாமல். ஒருநாள் தூக்கைத் தரையில் வைத்தேன். பட்டாணி பாய்ந்து துடைத்துவிட்டது. அதே கடைச் சோறுதான்! ஆனால் பாதாளம் போய்வந்த சோறு. அன்று முதல் தூக்கில் பாதி எனக்கு, பாதி அதற்கு. நாய் பூசணிக்காயானது.

இது குடியாத்தத்துக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் போன, என்னோடு சுரங்கத்தில் வேலை பார்க்கும் சகாயத்திடம், "பட்டாணி அன்னம் தண்ணி இல்லாம ஏங்கிச் சாகக் கெடக்குதுன்னு ஐடாகிட்ட சொல்லுடா" என்றேன்.

அடுத்த ரயிலில் வந்து நின்றாள்.

"இன்னாங்க, சாகக் கெடக்குற நாயி இம்மாம் குண்டா கீது?"

"பட்டினி வீக்கம், ஐடா."

"வாலுகூட வீங்கிக் கீதே?"

"மொதல்ல வால்லதான் புடிச்சுது."

வாலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது.

"நாயி மட்டுந்தான் ஏங்குச்சா?"

"நாயி மட்டுந்தான்."

"வேற யாரும் ஏங்கலயா?"

வாயைத் திறந்தேன். பாறை அசையவில்லை.

"வேற யாரு கீறாங்க இங்க?"

"அப்ப சரி." நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏங்குற ஜீவனை விட்டுட்டுப் போனா பாவம். நானே கூட்டிகினு போறேன்."

"அடியே, அது கீழ போய்வந்த சோறுதான் துன்னும்! குடியாத்தத்துல சுரங்கம் ஏது?"

"ஓ, துன்னுதா?" சிரித்தாள். "எங்கம்மா ஊட்டுல கெணறு கீது. தூக்கை எறக்கி ஏத்திக்கிறேன்."

ஸ்டேஷன்வரை பின்னாலேயே ஓடினேன். ஜன்னலில் இரண்டு முகங்கள். பெரிய முகம் சொன்னது:

"நீங்களும் மெலிஞ்சதும் சொல்லி அனுப்புங்க. வந்து கூட்டிகினு போறேன்."

ரயில் நகர்ந்ததுமே பட்டினியைத் தொடங்கினேன். ஸ்டேஷன் வாசல் தாண்டுவதற்குள் பசித்துவிட்டது.