டிராட்கினைத் தேடி

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தராவது இந்த வார்த்தையைத் தானா சொல்லணும், டாக்டர். நீங்க கேட்டு அவங்க சொன்னது செல்லாது. இல்லேன்னா அகராதியிலேருந்து தூக்கிடுவேன்" என்றார் அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியை மிஸ் ஃபென்விக்.

டாக்டர் ஆப்பிள்கார்த் சொல்லாராய்ச்சிக்காரர். 'டிராட்கின்' என்ற அந்தப் பழஞ்சொல், முந்நூறு வருடம் பழைய பிரசங்கம் ஒன்றில் ஒரே ஒரு தடவை, பொருள் விளங்காமல் கிடந்தது. அதன் பூர்வீகத்தைப் பற்றி அவர் நானூறு பக்கம் எழுதியிருந்தார். சொல் போனால் நானூறு பக்கமும் போகும், கூடவே அவரும்.

போன மாதம்தான் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலையூர் ஒன்றில் நோட்டும் கையுமாக வீடு வீடாக விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"டிராட்கின்னா என்ன?" என்று அவர் தழுதழுத்ததும் ஆட்டுக்காரர் ஹெசகையா தொப்பியைக் கழற்றினார். "அதுங்களா... நொண்டி ஆடுங்க."

"அடி கருகின ரொட்டி" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"மணிக்கூண்டுல ஊளையிடுற காத்து" என்றார் தேவாலய மணியடிப்பவர்.

டாக்டர் அசரவில்லை. நொண்டியது எப்படிக் கருகியது, கருகியது ஏன் ஊளையிட்டது என்று இன்னும் அறுபது பக்கம் எழுதிச் சேர்த்திருந்தார்.

இப்போது அதே ஊர்ப் பப்பில், செய்தித்தாளுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டபடி உட்கார்ந்திருந்தார். நாலு நாளாக எல்லாரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

பொறுக்காமல், சொல்லை வரவழைக்க நொண்டி நடந்து காட்டினார்.

"மூட்டுவலியா சார்? வாத்துக் கொழுப்பு தடவுங்க" என்றார் ஹெசகையா.

கணப்பில் ரொட்டியைக் கருகவிட்டார். தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. கடைசியாகப் புகைபோக்கிக்குள் தலையை விட்டு ஊளையிட்டார். மாட்டு டாக்டரைக் கூட்டிவர ஆள் ஓடியது.

வெள்ளி மதியம், பப்காரி டாரிஸ் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "ஏங்க, அந்த டிராட்கினுக்கு டீ குடுத்தாச்சா?"

நொண்டி ஆட்டுக்கு டீயா? இருந்துவிட்டுப் போகட்டும்! டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு தொலைபேசிக்குப் பாய்ந்தார்.

"மேடம்! தானா சொல்லிட்டாங்க! நான் வாயே திறக்கல!"

"சந்தோஷம், டாக்டர். என்ன பொருள்ல சொன்னாங்க? அச்சுக்கூடத்துல காத்துக்கிட்டிருக்காங்க."

டாக்டர் வெற்றிப் புன்னகையோடு தொலைபேசிக் குழலை டாரிஸ் வாயருகே நீட்டினார். "நீங்களே சொல்லுங்கம்மா. டிராட்கின்னா என்ன?"

டாரிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். "இதோ, இவருதாங்க! போன மாசம் இவரு நோட்டோட வந்து கேக்கறவரைக்கும் அப்படி ஒரு வார்த்தையை இந்த ஊர்ல யாரும் கேட்டதே இல்ல. அழுதுடப் போறாரேன்னு ஆளுக்கொண்ணு சொல்லி அனுப்பி வெச்சோம்."