இடம் மாறும் ஓட்டை

ஓட்டையை அடைப்பவர்கள் உண்டு. ஓட்டையோடேயே காலம் தள்ளுபவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. ஓட்டையை ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் குடியேற்றிவிட்டு, கையை உதறிக்கொண்டு, "பாத்தீங்களா, சல்லிக்காசு செலவில்லாம முடிச்சிட்டேன்" என்று நிமிர்ந்து நிற்கும் இனம். "நாமே பாத்துக்கலாம்" என்பது இவர்களுடைய தாரக மந்திரம். எனக்கு அப்படி யாரையும் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் குறடு வைத்துத் திறக்கும் குழாய் ஒன்று இருக்கிறதா இல்லையா?

நம்மவர் அந்த இனத்தில் அசல் வித்து. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. விபத்து வராமல் காப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுவார். அங்கே அவருக்கு 'நாமே' என்றே பட்டப்பெயர்.

ஒரு நாள் காலையில் அவர் வீட்டுக் குளியலறையில், குழாய்க்கு மேலே இருந்த மூன்று டைல்ஸ், பின்னாலிருந்த சிமெண்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, தடாலென்று கீழே விழுந்து நொறுங்கின. நீங்களும் நானும் "ஐயையோ" என்றிருப்போம். நம்மவர் முகத்திலோ கல்யாணக் களை!

"பல்லை இளிக்காதீங்க" என்றாள் மனைவி. "அடுத்த வாரம் அப்பா வர்றார். மூட்டு ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா நம்ம வீட்ல தங்கப்போறார். குளிச்சு எழுந்திருக்கும்போது பிடிச்சுக்க ஒரு கைப்பிடி வேணும். அந்தக் கைப்பிடிக்கு ஒரு சுவர் வேணும். இன்னொரு தடவை விழுந்தார்னா எழுந்து நடக்க மாட்டார்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? ஒழுங்கா ஆளைக் கூப்பிடுங்க."

ஆள் வந்தார். டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. சுவரைத் தட்டினார். "இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணி இறங்கிப் பொள்ளலாயிடுச்சு சார். பெயர்த்துட்டுப் பூசித்தான் ஒட்டணும்" என்று கூலியையும் சொன்னார். கூலியைக் கேட்டதும் இந்த இனத்தார் முகம் எப்படிப் போகும் தெரியுமா? சொத்தில் பாதியை யாரோ எழுதித் தரச் சொன்னதுபோல. "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் நம்மவர். போய்விட்டு வராதீர்கள் என்று அர்த்தம்.

"மூணு டைல்ஸ், ஒரு டப்பா பசை. இதுக்குப் போய் ஆளா? நாமே பாத்துக்கலாம்."

"போன தடவை நீங்க பாத்துக்கிட்ட குழாயை இன்னும் குறடு வெச்சுத்தான் திறக்கிறோம்."

"திறக்குதா இல்லையா?"

மனைவி குறட்டை எடுத்துக்கொண்டு குழாயைத் திறக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நம்மவர் கிழிந்த பனியனும் பழைய கால்சட்டையுமாகக் குளியலறைக்குள் நுழைந்தார். "நாமே" என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: வேலை அவருடையது, ஓட்டம் குடும்பத்துடையது. "சுத்தியலைக் கொண்டா! அது இல்லை, சின்னது! டார்ச்சைப் பிடி! என் மூஞ்சியிலயா அடிப்பே, சுவத்துல அடி!" மனைவியும் மகளும் கூடத்துக்கும் குளியலறைக்குமாக நடந்த நடைக்கு, பக்கத்து ஊருக்கே போய் டைல்ஸ் வாங்கி வந்திருக்கலாம்.

போயும் பிரயோஜனமில்லை. வெள்ளையில் நீலப்பூப் போட்ட அந்த டிசைன் இப்போது வருவதே இல்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வேறு டிசைன் ஒட்டினால் ஒட்டுப்போட்டது தெரியும். தெரிந்தால் மானம் என்ன ஆவது? அப்போதுதான் உதித்தது அந்த ஞானம். வாஷிங் மிஷினுக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸை யார் பார்க்கிறார்கள்?

பெயர்த்தார். முழுசாக மூன்று எடுப்பதற்குள் சுற்றியிருந்த ஐந்து உடைந்தன. மிஷின் மறைத்தது போக மிச்சம் வெளியே தெரிந்தது. மிஷினை நகர்த்தி அதை மறைத்தால், மிஷினுக்குத் தண்ணீர் வரும் குழாய் எட்டவில்லை. சரி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஐந்தை எடுத்து இங்கே வைத்தார். அங்கே ஏழு போயிற்று. கண்ணாடி ஐந்தைத்தான் மறைத்தது. மிச்சத்துக்கு மேல் துண்டு தொங்கியது. அந்தத் துண்டை யாரும் எடுத்துத் துடைத்துக்கொள்ளக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்கிறார்களே, இவரிடம் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அப்பா, நான் எந்தப் பக்கம் திரும்பிக் குளிக்கணும்?" என்று கேட்டாள் மகள்.

"வலது பக்கம்மா. தண்ணி தெறிக்காம."

கடைசியில் கைப்பிடி. துளை போட்டால் டைல்ஸ் விரியும்; ஆகவே பசை. டப்பாவின் மேல், ஒட்டிய ஒரு கொக்கியில் லாரியையே கட்டித் தொங்கவிட்ட படம். லாரியைத் தாங்குவது மாமனாரைத் தாங்காதா? மாமனாரோ ஒல்லி. நம்மவர் ஒரு தடவை, ரொம்ப மெதுவாக, இழுத்துப் பார்த்தார். நின்றது. பலமாக இழுத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மாமனார் வந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அதிர்ந்து பேசாத மனுஷர். மறுநாள் காலை குளிக்கப் போனார். கதவைத் தாழிட வேண்டாம் என்று மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள். வெளியே அவள் ஒரு பக்கம், நம்மவர் ஒரு பக்கம். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கக் கேட்க நம்மவர் கதவை ஒட்டி நகர்ந்தார். 'மாமா, அதைப் பிடிக்காதீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், அப்புறம் இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? விழுங்கிவிட்டார்.

படார்!

"அப்பா!" என்று அலறிக்கொண்டு அவள் கதவைத் தள்ளினாள்.

எழுந்திருக்கப் போனவர், உட்கார்ந்து குளித்த முக்காலியிலேயே தொப்பென்று திரும்ப உட்கார்ந்திருந்தார். முக்காலி நகராமல் இருந்தது அவர் செய்த புண்ணியம். இடுப்பில் துண்டு, கையில் கைப்பிடி. கைப்பிடியோடு டைல்ஸ். டைல்ஸோடு உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட். நம்மவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் முதலில் பேசிய பேச்சைக் கேளுங்கள்:

"பாத்தியா, பசை விடலை! சுவர்தான் வந்திருக்கு!"

அவள் பார்த்த பார்வையில் மிச்ச டைல்ஸும் விழுந்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா மாப்பிள்ளை, பிரமாதமான பசை. டப்பாவில மிச்சம் இருக்கா? கதவுக்குப் பின்னாடி ரெண்டு டைல்ஸைப் பெயர்த்து இங்க வெச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது? நாமே பாத்துக்கலாம்."

இனம் இனத்தோடு சேர்ந்துவிட்டது. நம்மவர் கண்ணில் நீர் தளும்பியது.

அவள் கண்ணிலும்தான். "நான் பொறந்த வீட்ல காலண்டருக்குப் பின்னாடி ஓட்டை, பீரோவுக்குப் பின்னாடி ஓட்டை. கல்யாணமாகிப் போற இடத்துலயாவது முழுசா ஒரு சுவத்தைப் பாத்துடலாம்னு நெனச்சேன்பா" என்றாள். அவள் அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை. வரச் சொன்னாள்.

மேஸ்திரி வேலை செய்த நாளெல்லாம் மாமனாரும் மாப்பிள்ளையும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இவ்வளவு கலவை எதுக்கு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் நின்றது. கைப்பிடியும் நின்றது. அதில் அவர்களுக்கு இன்றுவரை கொஞ்சம் வருத்தம்தான்.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். படித்துச் சிரித்தீர்கள், அவ்வளவுதானே? ஆனால் நடுவில் எங்கேயாவது, "அட, பசைக்குப் பதிலா ரெண்டு ஸ்குரூ போட்டிருந்தா நின்னிருக்குமே, இதுக்குப் போய் ஆளா?" என்று ஒரு நொடி தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து அந்தச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.