டெஸ்டிங் பாயிடம் கொடுத்த கிளிப் பை

வாடிக்கையாளர்களின் வயிற்றெரிச்சலை டெஸ்டிங் பாய் அளவுக்குக் கொட்டிக்கொண்ட தையற்காரர் திருவல்லிக்கேணியிலேயே கிடையாது.

ஜிப் வைத்த சின்னச் சின்ன துணிப் பைகள்தான் அவர் தொழில். கேட்ட படத்தை பிரிண்ட் போட்டு, பெயரை எம்பிராய்டரி செய்து தருவார். வேலை சுத்தம். ஆனால் முடிந்த பையைக் கொடுக்க மாட்டார். ஒரு வாரம் தானே வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார்.

"நாலு எடம் போய் வந்தாதான் சார் ஜிப்போட கொணம் தெரியும்."

கல்யாணப் பெண்ணுக்காக ரோஜாப்பூ போட்ட பையில் நெத்திலி வாங்கி வந்தவர் அவர். பெண்ணின் அம்மா கத்தியதற்கு, "அதான் கழுவிட்டேன்ல, இன்னாம்மா இப்போ?" என்றார்.

எல்லாம் தெரிந்தும் போனேன். மகள் நித்யாவுக்குப் புனேயில் புதிதாக வேலை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை அவளுக்கு. இன்சுலின் பேனாவை மருந்துக்கடை டப்பாவில் தூக்கிப் போக வெட்கப்பட்டு வீட்டிலேயே விட்டுவிடுவாள். அழகான பை இருந்தால் எடுத்துப் போவாள் என்று நம்பினேன். அவள் வரைந்த கிளியைக் கொடுத்து, விஷயத்தையும் சொல்லி, "டெஸ்டிங் மட்டும் வேண்டாம் பாய், கும்பிடறேன்" என்றேன். தலையாட்டினார்.

அவள் ரயிலேறும் நாள் காலையில் போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. மனிதர் வழக்கம்போல் அத்தர் மணக்க டீக்கடை வாசலில் நிற்கிறார். மணிக்கட்டில் என் மகளின் கிளி தொங்குகிறது.

"அறிவிருக்கா பாய்? சாயங்காலம் வண்டி!"

"கத்தாத சார். நேத்து மழையில வச்சிக்கினு சுத்துனேன். ஜிப் ரன்னர் மாட்டிக்கிச்சி, எவ்ளோ இழுத்தும் தொறக்கல. பொண்ணு தெரியாத ஊர்ல ஊசி எடுக்க முடியாம நிக்கணுமா?"

 எனக்குக் கோபம் குறையவில்லை. கடையைத் திறந்து, ஜிப்பைப் பிரித்து, பெரிய பல் வைத்த வேறொன்றைத் தைத்தார். அப்பாடா என்று கை நீட்டினால், பையை வாளித் தண்ணீரில் முக்குகிறார்!

"யோவ்!"

"இரு சார், டெஸ்டிங்."

திறந்தார், மூடினார், திறந்தார். சொட்டச் சொட்ட என் கையில் கொடுத்தார். அபிராமபுரம் வீடு வரைக்கும் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக் காயவைத்துக்கொண்டே வந்தேன். சிக்னலில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

போன வாரம் நித்யா பேசினாள். பை இல்லாமல் வெளியே போவதே இல்லையாம். ஆபீசில் எல்லோரும் எங்கே செய்தது என்று கேட்கிறார்களாம்.

"ஆனா அப்பா, தொறந்தாலே அத்தர் வாசனை. சோப்புப் போட்டுத் துவைச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். "நம்ம ஆள் ஒருத்தர் உன்கூட இருக்கார்னு நினைச்சுக்கறேன்."