பச்சை காட்டிய போலி அப்பா

கூச்ச சுபாவம் உள்ளவனை எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம், கதவைத் தட்டுகிற வேலையைத் தவிர. நான் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவன். (ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்குக்கூட, டீச்சரிடம் பேச வேண்டுமே என்ற கூச்சம்தான் காரணம் என்பாள் என் மனைவி.)

மகள் ஷைனி கம்ப்யூட்டர் படித்தவள். எங்கள் லாட்ஜுக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். ஒரு நாள் ஒழுங்காக ஓடிவிட்டால் மற்ற லாட்ஜுகளுக்கும் அதையே வாங்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவள் சொந்தமாகத் தொழில் தொடங்க அதை நம்பித்தான் இருந்தாள்.

அந்த நாளுக்கு முந்தின நாள் வீட்டில் சோதனை. புரோகிராமுக்குள் ஒவ்வொரு அறையும் ஒரு ஆப்ஜெக்டாம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆள் மாதிரி. வாடகைக் கணக்குப் போடும், சீட்டு அடிக்கும், பூட்டுக்குப் புது அட்டை கொடுக்கும். ‘காலியா?’ என்றும் கேட்கும். அந்தக் கேள்வி என் கைபேசிக்கு வரும்; நான் போய்ப் பார்த்துவிட்டு ‘ஆம்’ என்று அமுக்க வேண்டும். சோதிக்கும்போது எனக்காகக் காத்திருக்க முடியுமா? அதனால் அறையை அசலாகவே வைத்துக்கொண்டு, அந்த ஒரு வேலையை மட்டும் போலியாக்கிவிட்டாள். பார்ஷியல் மாக் என்று பெயர். கேட்ட உடனே ‘ஆம்’ என்று சொல்லிவிடும்.

“அப்போ எல்லாம் அசல், நான் மட்டும்தான் போலியா மக்களே?”

“ஆமாப்பா. பாருங்க, எல்லாம் பச்சை. பச்சைன்னா சோதனையில பாஸ்.”

போலி அப்பா தயங்கவில்லை, இருமவில்லை, நகம் கடிக்கவில்லை. அசலைவிட மேல். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சூரிய உதயம் பார்த்துத் திரும்பிய கூட்டம் வரவேற்பறையை நிறைத்திருந்தது. குவைத்திலிருந்து வந்த முதலாளியின் மைத்துனரும் குடும்பத்தோடு காத்திருந்தார். பன்னிரண்டாம் அறை காலியா என்று கைபேசி கேட்டது. அங்கிருந்த வடநாட்டுக்காரர் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். உள்ளே ஆள் இருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? கையை இறக்கிவிட்டு மரியாதையாக இருமினேன். கதவு பதில் சொல்லவில்லை. கைபேசி மறுபடி கேட்டது. ஷைனியும் கூப்பிட்டு, கீழே எல்லாரும் நிற்கிறார்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள்.

நேற்று அந்தப் போலி பார்த்துவிட்டா சொன்னான்? எல்லாம் பச்சைதானே? ‘ஆம்’ அமுக்கினேன்.

புரோகிராம் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தது. சீட்டு அடித்தது, அட்டை கொடுத்தது, மைத்துனர் குடும்பத்துக்குக் கதவையும் திறந்துவிட்டது. உள்ளே வடநாட்டுக்காரர் முகமெல்லாம் சோப்பு நுரையும் இடுப்பில் ஒரு துவர்த்துத் துண்டுமாகக் கண்ணாடி முன் நின்றிருந்தார். அவர் இந்தியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. மைத்துனருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கஷ்டம்.

முதலாளி நிதானமாகக் கேட்டார்: “எம்மா, உனக்க புரோகிராமுக்குக் கண்ணு உண்டா?”

ஷைனி என்னைப் பார்த்தாள். “உண்டு சார். எனக்க அப்பாதான் கண்ணு.”

முதலாளி என் பக்கம் திரும்பி, கதவைத் தட்டினாயா என்றார். நான் இருமிக் காட்டினேன்.

ஷைனிக்கு இன்னொரு நாள் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்: ‘காலியா?’ என்று இனி என்னைக் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி இப்போது துப்புரவு செய்யும் ரோசம்மாவுக்குப் போகிறது. அவள் துடைப்பக் கட்டையால் தட்டினால் பக்கத்து அறைக்காரர்களும் எழுந்து கிளம்பிவிடுவார்கள். மற்ற லாட்ஜுகளிலும் இன்று அந்தப் புரோகிராம்தான் ஓடுகிறது. ஷைனியின் சோதனையில் இப்போது பல போலி அப்பாக்கள்: பதிலே சொல்லாத அப்பா, தாமதமாகச் சொல்கிற அப்பா, பார்க்காமல் புளுகுகிற அப்பா. எல்லாம் அசலைப் பார்த்துச் செய்தவை.

வீட்டில் அடுப்பு அணைந்ததா என்று மனைவி கேட்டு, நான் அணைந்தது என்றால், உள்ளேயிருந்து ஷைனியின் குரல் வரும்: “அம்மா, பாத்துட்டா சொல்லுதாவ, சும்மா பச்சை காட்டுதாவளா?”

மனைவி எழுந்து போய்ப் பார்ப்பாள். இதுவரை அணைந்துதான் இருந்திருக்கிறது. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.